கொல்லை அறைக்கு லைசன்ஸ்

என் அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். பத்தொன்பது வயதில் புருஷனை டைபாய்டுக்குப் பறிகொடுத்துவிட்டு, திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகத்துத் தெருவில் இருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். பன்னிரண்டு வருஷம் அடுக்களையில் இருந்தாள். அப்பா இருந்தவரை அவருக்கும், அவர் போனபின் எனக்கும் என் மனைவிக்கும் சமைத்துப் போட்டாள். அவளுக்கு ஏதாவது வேண்டுமா என்று அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவையாவது நான் கேட்டதாக நினைவில்லை.

என் முதல் குழந்தை பிறக்கும்போதே இறந்தது. அப்போது தெருவில் பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தவள் வெற்றிலைக் கையைக்கூடக் கழுவாமல் வேலையை ஆரம்பித்தாள். இரண்டு நாள் வலி. குழந்தை நீலம் பாரித்து வந்தது. என் மனைவி ஒரு மாதம் ஜுரத்தில் கிடந்து பிழைத்தாள். அந்த ஒரு மாதமும் அவள் பக்கத்தை விட்டு அக்கா நகரவில்லை. ஜுரம் விட்ட அன்று என்னிடம் வந்தாள்.

"நான் பிரசவம் பார்க்கற படிப்பு படிக்கப் போறேன்டா. நாகர்கோவிலுக்கு அந்தண்டை ஒரு ஆஸ்பத்திரியில சொல்லிக்கொடுக்கறாளாம்."

"தெருவுல என்ன சொல்லுவா?"

"சொல்றதை நீ கேட்டுக்கோ. நான்தான் இங்கே இருக்கமாட்டேனே."

போனாள். சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஒன்றரை வருஷம் கழித்து வெள்ளைப் புடவையும், மழிக்காமல் வளர்ந்த தலைமுடியும், கையில் கடிகாரமும், கறுப்புத் தகரப்பெட்டியுமாகத் திரும்பி வந்தாள். வந்த மூன்றாம் மாதம் என் மனைவிக்கு மறுபடியும் வலி எடுத்தது. இந்தத் தடவை குழந்தை கால் முன்னால் வந்தது. அக்கா என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது, நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஆனால் என் மகள் உயிரோடு வந்தாள், அவளுடைய அம்மாவும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டைத் தேடிப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள்.

எங்கள் கொல்லையில் கிணற்றுக்கு அப்பால் ஓர் அறை இருந்தது. விறகும் தேங்காயும் போட்டுவைக்கிற அறை. பின்னாலுள்ள சந்துக்கு அதிலிருந்தே ஒரு கதவு. அக்கா அதைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, இரண்டு கட்டில் போட்டாள். ஓர் அடுப்பில் எந்நேரமும் வெந்நீர் கொதிக்கும். கிருமி மருந்து லைசாலின் நெடி கூடம்வரை வரும். முதலில் நம்மவர்கள்தான் வந்தார்கள். பிறகு சாலைக் கம்போளத்துக் கடைத்தெரு வண்டிக்காரர்களின் பெண்டாட்டிகள், ஆசாரிப் பெண்கள், கடற்கரையிலிருந்து மீன் கூடை சுமக்கிறவர்கள். யாரையும் அக்கா திருப்பி அனுப்பவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். கொடுக்காதவர்களிடம் கேட்கவும் இல்லை.

தெரு முதலில் முணுமுணுத்தது. தீட்டு என்றார்கள். எந்த நேரமும் அலறல் கேட்கிறது, கோவிலுக்குக் கிளம்புகிற காதில் அதுவா விழவேண்டும் என்றார்கள். கல்யாணமாகாத ஒரு பெண் வந்துவிட்டுப் போனதாக ஒரு பேச்சு கிளம்பியது. அது பொய். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டை 'அந்த மாதிரி வீடு' என்று சொல்கிறார்கள் என்பது என் மனைவி வழியாக என் காதுக்கு வந்தது.

தெருக்கோடியில் ரிட்டயரான வக்கீல் ஒருவர் இருந்தார். குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாலைந்து பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உன் தமக்கை செய்யறது புண்ணியம். அதில எனக்கு அபிப்பிராய பேதம் கிடையாது," என்றார் என்னிடம். "ஆனா இது குடியிருக்கற தெருவாக்கும். இங்கே தொழில் நடத்தணும்னா சர்க்கார்ல லைசன்ஸ் வேணும். நீ அதே ஆபீசுல இருக்கறவன். உனக்கு நான் சொல்லித் தரணுமா?"

அவர் சொன்னது சரிதான். நான் நகர நிர்வாக ஆபீஸில் லைசன்ஸ் செக்‌ஷன் குமாஸ்தா. ஊரில் யார் எங்கே என்ன தொழில் நடத்தலாம் என்கிற காகிதங்கள் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும்.

அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனதும் வெளியே வந்தாள். "லைசன்ஸ்தானே? எடுத்துட்டாப் போச்சு. ஃபாரம் கொண்டு வா."

கொண்டுவந்தேன். அதை நிரப்ப உட்கார்ந்தபோதே சிக்கல். வீட்டில் நடத்துகிற பிரசவ அறைக்கென்று தனியாக ஒரு வகையே எங்கள் பட்டியலில் கிடையாது. அபாயமும் அருவருப்பும் உள்ள தொழில்கள் என்று ஒரு ரிஜிஸ்டர் இருந்தது. தோல் ஊறவைப்பது, கருவாட்டுக் கிடங்கு, சுண்ணாம்புக் காளவாய், எலும்பு அரைப்பது எல்லாம் அதில் வரும். சூப்பிரண்டு அதிலேயே சேர்க்கச் சொன்னார். நான் அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் ஃபாரத்தின் தலைப்பில் மலையாளத்திலும் அச்சடித்திருந்தது. அவள் படித்தாள். பிறகு, "ஒப்பு எங்கே போடணும்?" என்று கேட்டாள்.

வீட்டின் பிளான் வரைந்து வைக்கவேண்டும். சாக்கடை எங்கே போகிறது என்று காட்டவேண்டும். வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். வீடு அப்பாவின் உயில்படி என் பெயரில் இருந்தது. நான் சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா அருகில் நின்று மை காய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெல்த் ஆபீசர் நேரில் வந்தார். மலையாளி, வயதானவர், நடக்கும்போது மூச்சு வாங்கும். கொல்லை அறையைச் சுற்றிப் பார்த்தார். அடுப்பு, கத்தரிக்கோல்கள் கொதிக்கிற பாத்திரம், துணிகளைப் புதைக்கிற குழி எல்லாவற்றையும் பார்த்தார். அக்கா பிரசவக் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அதைக் கையில் வாங்கி நின்றபடியே நிறையப் பக்கம் படித்தார்.

வெளியே வந்ததும் என்னிடம் மலையாளத்தில் சொன்னார்: "பெரிய ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு சுத்தம் நான் பார்த்தது குறைவு. தெருவார் எதிர்ப்பார்கள், எதிர்க்கட்டும். பின்வாசல் வழியாகத் தனி வழி இருக்கிறது, இரண்டு கட்டிலுக்கு மேல் கிடையாது, வீட்டுக்காரரின் சம்மதம் இருக்கிறது. நான் சிபாரிசு செய்வேன்."

அன்று அக்கா அடை வார்த்தாள். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அவள் வார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அவள் பாடி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம் என்று எங்கள் வீட்டுக் கதவிலேயே நோட்டீஸ் ஒட்டினார்கள். இரண்டு வீட்டைத் தவிரத் தெரு முழுவதும் எழுதிக் கொடுத்தது. வரிக்கு வரி ஒரே வாசகம். அந்தக் காகிதங்களை வாங்கி, நம்பர் போட்டு, கோப்பில் கோத்தவன் நான். ஒவ்வொரு கையெழுத்தும் யாருடையது என்று எனக்குத் தெரியும். அவர்களில் மூன்று வீட்டுக் குழந்தைகள் அந்த அறையில் பிறந்தவர்கள்.

அந்த மாதத்தில்தான் அப்பாவின் சிராத்தம். அதை நடத்திவைக்கிற வாத்தியார் முதல் நாள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். தீட்டு ஓயாத வீட்டில் பிராமணர்கள் இலையில் உட்கார மாட்டார்கள், மன்னிக்கவேண்டும் என்று. வேறு இரண்டு பேரைக் கேட்டேன், அவர்களும் வரவில்லை. சிராத்தம் நின்றது. கையைப் பிசைந்துகொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து, "அரிசியும் வாழைக்காயும் யாருக்காவது தானமாக் கொடுத்துடலாம்டா, அப்பா ஏத்துப்பார்," என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. உன்னால்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் ஆபீஸ் போகிற வழியில் வக்கீல் என்னைக் கூப்பிட்டார்.

"சிராத்தம் முடங்கிப் போச்சாமே. கேட்டப்போ எனக்கே மனசு ஆறல்லை," என்றார். "இன்னொண்ணு. லைசன்ஸ் செக்‌ஷன்ல இருக்கறவன் சொந்த வீட்டுக்கே லைசன்ஸ் பண்ணிக்கறான்னு யாராவது மேலே ஒரு பராதி எழுதிப் போட்டா, விசாரணைன்னு வரும். நான் எழுதமாட்டேன். எழுதறவா இருக்கா. உனக்கு ஒரு பெண் குழந்தை இருக்கு, பார்த்துக்கோ."

நான் ஆபீஸ் போய் உட்கார்ந்தேன். மத்தியானம்வரை ஒரு வேலையும் ஓடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்து போனதும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினேன். முன்பு கொடுத்த சம்மதத்தை மறுபரிசீலனை செய்ததில், குடியிருப்போரின் உணர்வுகளை உத்தேசித்து, வீட்டின் சொந்தக்காரன் என்ற முறையில் அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இங்கிலீஷில், நல்ல கையெழுத்தில். நானே முத்திரை வைத்தேன். நானே தபால் ரிஜிஸ்டரில் ஏற்றினேன். நானே கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துக் கட்டினேன்.

ஹெல்த் ஆபீசர் என்னை அறைக்குள் அழைத்தார். தாள் அவர் முன்னால் இருந்தது.

"இது நீங்கள் எழுதியதுதானா?"

"ஆமாம் சார்."

"உங்கள் அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்," என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, போங்கள்," என்றார்.

உத்தரவு இரண்டு வாரத்தில் வந்தது. பியூன் அதை வீட்டில் அக்காவின் கையிலேயே கொடுத்துவிட்டான். நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நீட்டினாள். "இங்கிலீஷ்ல இருக்கு. வாசி."

வாசித்தேன். அனுமதி மறுக்கப்படுகிறது, இனி அந்த இடத்தில் பிரசவம் பார்த்தால் சட்டப்படி தண்டனைக்குரியது என்றேன். நடுவில் இருந்த ஒரு வரியை விட்டுவிட்டேன்.

"காரணம் ஒண்ணும் போடலையா?"

"தெருக்காரா ஆட்சேபம்தான்."

"அந்த ஆபீசர் பண்றேன்னு பரஞ்சாரே." அவள் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள், புரியாத எழுத்திலேயே காரணத்தைத் தேடுகிற மாதிரி. "சரி, போறும். மேலே அப்பீல் பண்ணலாமோன்னோ?"

"பண்ணலாம்."

"அப்போ எழுது. நீ எழுதினா நன்னா இருக்கும்."

எழுதினேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். தாய்மாரின் உயிர், ஏழைகளின் கஷ்டம், சுதந்திர நாட்டின் கடமை என்று மூன்று பக்கம். வீட்டுக்காரனே சம்மதத்தை வாபஸ் வாங்கியபின் அது நிற்காது என்று எனக்குத் தெரியும். அதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மனைவி எழுந்து உள்ளே போனாள். அவள் எதையோ ஊகித்திருக்கவேண்டும். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கட்டில்களை மடக்கிச் சுவரில் சாய்த்துவைத்தாள் அக்கா. ஆனால் வெந்நீர் அடுப்பை அணைக்கவில்லை. அப்பீலில் அனுமதி வந்துவிடும் என்று நம்பினாள்.

ஒரு விடுமுறை நாள், உச்சி வெயில். பின்சந்தில் மாட்டுவண்டி வந்து நின்றது. சாலைக் கம்போளத்தில் வண்டி ஓட்டுகிறவன் ஒருவன், அவனுடைய பெண்டாட்டியைக் கொண்டுவந்திருந்தான். ஐந்தாறு மாதமாக அக்காவிடம் காட்டிக்கொண்டிருந்த பெண். உத்தரவு விஷயம் அவர்களுக்குத் தெரியாது. அவள் வண்டிக்குள் வைக்கோலில் கிடந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"நேரம் இல்லைடா. உள்ளே எடுத்தாகணும். கொடி முன்னால வந்திருக்கு. குலுங்கினா குழந்தை போயிடும்."

நான் கொல்லைக் கதவில் நின்றுகொண்டிருந்தேன். சந்தின் மறுகோடியில் யாரோ இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேண்டாம் அக்கா," என்றேன். "உத்தரவு இருக்கு. என் உத்தியோகம் போயிடும்."

"உத்தியோகத்தை அப்பறம் பார்க்கலாம். நகரு."

நான் நகரவில்லை. கையைக் கதவின் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டிருந்தேன் என்பது இன்றும் என் உள்ளங்கைக்கு நினைவிருக்கிறது. அந்த வண்டிக்காரன் என்னைப் பார்த்துக் கைகூப்பினான். "சாரே," என்றான்.

அக்கா திரும்பி ஓடி, பெட்டியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். "ஆஸ்பத்திரிக்கு விடு, மெதுவா விடு," என்று அவனிடம் சொன்னது கேட்டது. வண்டி சந்தின் முனையைத் தாண்டிப் போயிற்று.

கிழக்கேகோட்டையைத் தாண்டியதும் வண்டிக்குள்ளேயே குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. மூச்சு இல்லை. தாய் பிழைத்தாள். இவ்வளவும் எனக்கு மறுநாள் ஆபீஸ் பியூன் சொல்லித்தான் தெரியும். அக்கா அன்று பொழுது சாய்கிற நேரத்தில் நடந்தே திரும்பி வந்தாள். புடவையில் முழங்கால்வரை ரத்தம் காய்ந்திருந்தது. கிணற்றங்கரையில் வாளிவாளியாகத் தலையில் கொட்டிக்கொண்டாள். ஈரத்தோடு என்னைக் கடந்து போகும்போது, "அப்பீலுக்குப் பதில் வந்துதா?" என்று மட்டும் கேட்டாள்.

"வரலை," என்றேன்.

அவள் அதற்குப் பிறகு காத்திருக்கவில்லை. மறு வாரம் தானே ஹெல்த் ஆபீசரைப் பார்க்கப் போனாள். நான் என் மேஜையில் இருந்தபோதுதான் வராந்தாவில் அவளுடைய வெள்ளைப் புடவை போவதைப் பார்த்தேன். எழுந்து போய்த் தடுக்கவேண்டும் என்று தோன்றியது. உட்கார்ந்தே இருந்தேன். சூப்பிரண்டு வந்து அந்தக் கோப்பைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

அவள் வெளியே வந்தபோது என் மேஜைப் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்குப் போனபோது தகரப்பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்றேன்.

"அக்கா, சிராத்தம் நின்னது, வக்கீல் வேற..."

"உன் கையெழுத்து ரொம்ப அழகாக்கும்," என்றாள் நிமிராமல். "அந்த ஆபீசரும் சொன்னார்."

அவ்வளவுதான் அவள் பேசியது. என் மனைவி சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். என் மகள் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அக்கா அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

வித்துராவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாள் என்று பிறகு தெரிந்தது. பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கூலியாட்கள் குடியிருக்கிற லயங்களுக்கு மருத்துவச்சி வேண்டும் என்று ஹெல்த் ஆபீசர்தான் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்த வருஷம் நின்ற சிராத்தத்துக்குப் பரிகாரம் என்று வாத்தியாரே தேதி பார்த்துக் கொடுத்து, வந்து நடத்திக்கொடுத்தார். வக்கீல் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். என்மேல் யாரும் பராதி எழுதவில்லை, பிற்பாடு எனக்கு பிரமோஷன்கூட வந்தது. கொல்லை அறையில் விறகையும் தேங்காயையும் திரும்பப் போட்டோம். சில மாதம்வரை யாராவது பெண்கள் சந்தில் வந்து கதவைத் தட்டுவார்கள். இல்லை என்று சொல்ல என் மனைவிதான் போவாள். அப்படிச் சொல்லிவிட்டு வருகிற நாட்களில் அவள் என்னோடு பேசமாட்டாள். போகப்போக மற்ற நாட்களிலும் பேச்சு குறைந்துபோயிற்று.

நான் கடிதங்கள் எழுதினேன். பதில் இல்லை. மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்த வருஷம், எங்கள் ஊரில் எல்லோரும் எந்தத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். வித்துராவில் இறங்கி, மத்தியானம் ஒரே ஒரு பஸ் மலையேறும் என்று சொன்னார்கள், அதில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று மனதில் அடுக்கிக்கொண்டேன். மன்னிச்சுடு அக்கா என்று ஆரம்பிப்பது, பிறகு வீட்டுக்கு வா என்பது.

லயத்தின் கோடியில் ஓர் அறையில் இருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "வா, உட்காரு," என்றாள். பாலில்லாத தேயிலைத் தண்ணீர் போட்டுத் தந்தாள். என் மகள் எந்த வகுப்பு என்று கேட்டாள். என் மனைவியின் உடம்பைப் பற்றிக் கேட்டாள். நான் ஆரம்பித்தேன்.

"அக்கா, நான் அன்னிக்கு..."

வாசலில் ஒரு கிழவர் வந்து நின்றார். மேல் லயத்தில் மருமகளுக்கு வலி கண்டுவிட்டது, அம்மா உடனே வரவேண்டும் என்றார். அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டாள். "இறங்கற பஸ் நாலு மணிக்கு. அதை விட்டா நாளைக்குத்தான்," என்றாள். இரு என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே அந்தக் கிழவருக்கு முன்னால் அவள் வேகமாக ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிவரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். பனி இறங்க ஆரம்பித்தது. அவள் வரவில்லை. ராத்திரி அங்கே தங்க எனக்குத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. அவள் திரும்பி வந்து, கேள் என்று எதிரே உட்கார்ந்தால் என்ன செய்வது என்று பயந்தேன். குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

வீட்டில் என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"அக்கா வரலையா?"

"இல்லை," என்றேன்.

அதற்குப் பிறகு நான் அந்த மலைக்குப் போகவில்லை. போகலாம் என்று வருஷாவருஷம் நினைத்தேன். ஒரு மழைக்காலத்தில் தோட்டத்து ஆபீஸிலிருந்து கார்டு வந்தது. நிமோனியா, மூன்று நாள், எல்லாம் அங்கேயே முடித்துவிட்டோம் என்று மலையாளத்தில் நாலு வரி.